பூமியிற் பொருளிட்ட செல்வர்: ஜான் ஜேகப் ஆஸ்டர் சரித்திரச் சுருக்கம்

பொருளீட்டுதற்கு உலகில் வழிகள் பலவுள. அவற்றுள் நிலம் வாங்கி வைத்தலே அபாயமற்ற வழியென்று நம்மவருட் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். பொன் களவு போம், கப்பல் கவிழும், கடை நொடிக்கும், பூமியோ எங்கும் ஓடிப்போகாதென்பது நம் முன்னோர் வழிவழி வந்த நம்பிக்கை. இந்நம்பிக்கையில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. பூமி ஓடிப்போகாதென்பது மெய்யே. ஆயின் உடையவன் கையினின்று அது போய்விடுதல் அருமையன்று. கடனால் போகும், பாத்தியதைக் குறைவால் போகும், வரி கட்டமாட்டாமையால் போகும். நிலம் நிற்கும், உடையவன் நிற்பானோ என்பதே கேள்வி.

ஆதலின், நிலத்தில் முதலிடக் கருதும் நம் சங்கத்து அன்பர்கட்கும், முக்கியமாய்ப் புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கியுள்ள நம் இளைஞர்கட்கும் பயன்படுமென்று கருதி, நிலத்தினாலேயே தம் காலத்து அமெரிக்காவில் முதற்பெருஞ் செல்வராய் விளங்கிய ஜான் ஜேகப் ஆஸ்டர் என்பாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதலாயினோம்.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனி தேசத்தில் ஹைடல்பர்க் நகருக்கு அணித்தாய் வால்டார்ப் என்னும் ஊர் ஒன்றுண்டு. அவ்வூரில் 1763-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி ஆஸ்டர் பிறந்தார். தந்தையார் இறைச்சி விற்கும் தொழிலினர், குடும்பமோ வறுமைப்பட்டது. தமையன்மாருள் ஜார்ஜ் என்பவர் லண்டன் மாநகரில் இசைக்கருவிகள் செய்து விற்றுவந்தார். ஹென்றி என்பவர் நியூயார்க் சென்று அங்கே இறைச்சிக் கடை வைத்திருந்தார். ஆஸ்டர் பதினாறு, பதினேழு பிராயத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டு லண்டனையடைந்து, ஜார்ஜிடம் தொழில் பயின்று, ஆங்கிலமும் கற்று, கூலியிற் சிறிது மிச்சமும் பிடித்தார்.

1783-ம் ஆண்டில் அமெரிக்க சுதந்தர யுத்தம் முடிவுற்றுச் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அப்போது அவர் கைம்முதல் ஏழு புல்லாங்குழல்களும் சில பவுன்களுமே என்பர். கப்பல் கரையை நெருங்கிய தருணத்தில் செசபீக் வளைகுடாவிற் பனிக்கட்டியிற் சிக்கிப் பல வாரங்கள் நகராது நின்றது. உடன் வந்தோர் சலித்து வருந்திய அக்காலத்தை ஆஸ்டர் வீணாக்கினாரல்லர். மென்மயிர்த் தோல் வியாபாரம் அறிந்த ஒருவரைக் கப்பலில் நட்புக்கொண்டு அத்தொழிலின் நெளிவு சுளிவுகளையெல்லாம் கேட்டுத் தெளிந்தார். 1784-ம் ஆண்டின் வசந்த காலத்தில் பால்டிமோர் துறையில் இறங்கி, அங்கிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

வியாபாரத்தில் வளர்ச்சி

குளிர்நாடுகளில் பீவர் முதலிய விலங்குகளின் மென்மயிர்த் தோல் அக்காலத்துப் பெருவிலை பெற்றது. ஆஸ்டர் முதலில் தோல் வியாபாரி ஒருவரிடம் வேலைசெய்து, பின்னர்ச் சொந்தத்தில் தொடங்கினார். மூட்டையை முதுகிற் சுமந்து காடுகளினூடே நடந்து, பூர்வகுடிகளிடம் தோல்களை வாங்கிவந்தார். 1785-ம் ஆண்டில் சாரா டாட் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவர்க்கு வாய்த்த பெருந்துணை. தோலின் தரத்தை மதிப்பிடுவதிற் கணவரினும் வல்லவர் என்று பேர்பெற்றவர். கடையையும் குடும்பத்தையும் ஒருங்கே நடத்தி, சிக்கனத்தால் முதலைப் பெருக்கினார்.

1794-ம் ஆண்டு உடன்படிக்கையால் பிரிட்டிஷாரோடு வர்த்தகத் தடைகள் நீங்கவே, கனடா தேசத்துத் தோல் வியாபாரமும் ஆஸ்டருக்குத் திறந்தது. பிறகு சீன தேசத்துக் காண்டன் துறைமுகத்துக்குத் தோல்களை அனுப்பி, தேயிலையும் பட்டும் கொண்டுவந்து இலாபம் கண்டார். 1808-ம் ஆண்டில் அமெரிக்கத் தோல் கம்பெனியை ஸ்தாபித்தார்.

ஆயின் கடல் வாணிகம் எத்துணை இலாபந் தருமோ அத்துணை அபாயமும் உடையது என்பதை அவர் நேரிற் கண்டார். 1811-ம் ஆண்டில் மேல்கடற்கரையில் அஸ்டோரியா என்னும் வர்த்தகக் குடியிருப்பை ஏற்படுத்தினார். அவர் அனுப்பிய கப்பலொன்று அவ்வாண்டே அழிந்தது. மறு ஆண்டு பிரிட்டனோடு யுத்தம் மூண்டது. 1813-ம் ஆண்டில் அக்குடியிருப்பு பகைநாட்டுக் கம்பெனிக்குக் கிரயமாய்விட்டது. இத்தகைய நஷ்டம் மற்றொருவரை முற்றும் வீழ்த்தியிருக்கும். ஆஸ்டரோ வீழ்ந்திலர். அதன் காரணம், வியாபாரத்தில் வந்த இலாபத்தின் ஒரு பங்கை ஆண்டுதோறும் பிரித்தெடுத்து, கடலும் யுத்தமும் தீண்டமாட்டாத ஓரிடத்தில் அவர் முன்னரே இட்டு வைத்தமையேயாம். அவ்விடம் நியூயார்க் நகரத்து மண்.

நிலத்தில் இட்ட முதல்

நியூயார்க்குக்கு வந்த ஐந்தாம் ஆண்டாகிய 1789-ல் ஆஸ்டர் முதன்முதல் மனை வாங்கினார். பௌரி என்னும் சாலையருகே இருந்த அம்மனைகளைத் தமையனார் ஹென்றியிடமிருந்தே கிரயம் பெற்றார். தொடக்கம் சிறிது, தெரிந்த இடம், தெரிந்த மனிதர். பெருநிலக் கிழாராய் முடிந்த இவர் தொடங்கிய விதம் இத்துணை அடக்கமானதென்பது கவனிக்கத்தக்கது.

அந்நகரம் மான்ஹாட்டன் என்னும் நீண்ட தீவின் தென்கோடியில் அமைந்தது. மூன்று பக்கமும் தண்ணீர். வடக்கே மட்டும் வெறும் வயலும் மேடும். 1790-ல் அதன் ஜனத்தொகை சுமார் 33,000. 1800-ல் சுமார் 60,000. நகரம் பெருகுமாயின் வடக்கு நோக்கியே பெருகவேண்டும், வேறு வழியில்லை என்பதை ஆஸ்டர் உணர்ந்தார். ஆகவே நகரத்தின் நடுவே பெருவிலை கொடுத்து வாங்காமல், வளரும் திசையில் சிறிது தூரம் முன்சென்று, வயல் விலைக்கு வாங்கிப் பொறுத்திருந்தார்.

இதனை விளக்கும் கதையொன்று வழங்குகிறது. வால் தெருவிலிருந்த மனையொன்றை ஆஸ்டர் 8,000 டாலருக்கு விற்றனராம். வாங்கியவர், இம்மனை சில ஆண்டுகளில் 12,000 டாலர் பெறுமென்று கூறி மகிழ்ந்தனராம். அவ்வாறே ஆகுமென்று ஒப்புக்கொண்ட ஆஸ்டர், தாம் இப்பணத்தைக் கொண்டு கால்வாய்த் தெருவுக்கு வடக்கே எண்பது மனைகள் வாங்கப்போவதாகவும், அம்மனை 12,000 பெறுங் காலத்தில் தம் மனைகள் எண்பதினாயிரம் பெறுமென்றும் விடையளித்தனராம். கதை மெய்யோ புனைவோ, அவர் கொள்கை இதுவே.

1803-ம் ஆண்டில் ஈடன் பண்ணை என்னும் சுமார் 70 ஏக்கர் நிலத்தை 25,000 டாலருக்கு வாங்கினார். அன்று அது நகரத்துக்கு வெகு தொலைவிலிருந்த பண்ணை. இன்று உலகமெங்கும் பெயர் பரவிய டைம்ஸ் சதுக்கம் அந்நிலத்தின் ஒரு பகுதியிலேயே அமைந்துள்ளது. துணை ஜனாதிபதியாயிருந்த ஆரன் பர் என்பவர் கடனில் அழுந்தியபோது, ரிச்மண்ட் ஹில் என்னுமிடத்தில் அவர்க்கிருந்த நீண்டகாலக் குத்தகைப் பாத்தியதையையும் ஆஸ்டர் பெற்றார். நிலம் திருத்துவ ஆலயத்துக்குரியது. குத்தகைக் காலமோ 1866 வரை நீண்டிருந்தது. ஆஸ்டர் அதனை மனைகளாகப் பகுத்து உள்குத்தகைக்கு விட்டார். 1811-ம் ஆண்டில் நகர அதிகாரிகள் தீவின் பெரும்பகுதியை நேர்த்தெருக்களாக வகுத்துப் படம் வரைந்தனர். அதன்பின் அவர் முன்னரே வாங்கிய வயல்கள் ஒவ்வொன்றும் தெருவெண் பெற்ற மனைகளாயின.

குத்தகை முறை

நிலம் வாங்கிக் காத்திருப்போர்க்கு நேரும் முதற் சங்கடம், காத்திருக்குங்காலத்துச் செலவே. நிலம் விளைவு தாராதிருப்பினும் வரி தவறாது வரும். ஆஸ்டர் இதற்குக் கண்ட வழி பின்வருமாறு. நிலத்தை விற்காமலும், பெரும்பாலும் தாம் கட்டிடங் கட்டாமலும், நீண்ட தவணைக்குக் குத்தகை விடுவார். இருபத்தோராண்டுத் தவணை அவர்பாற் பெருவழக்கு. குத்தகைதாரரே தம் செலவில் வீடு கட்டிக்கொள்ளவேண்டும். வரியையும் அவரே செலுத்தவேண்டும். தவணை முடிந்தபின் நிலம் உயர்ந்த மதிப்போடு ஆஸ்டரிடம் மீளும். இவ்வாறு காத்திருக்குங்காலமே அவர்க்கு வருமானக் காலமாயிற்று.

இம்முறையில் ஒரு பெருங்குறையும் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கடனால் வீழ்ந்தவர் ஒருவர்

ஆஸ்டரின் சிறப்பைத் தெளிவாயறிய, அவர் காலத்தவராகிய ராபர்ட் மாரிஸ் என்பவரது கதியையும் உடன் நோக்கல் வேண்டும். மாரிஸ் 1734-ம் ஆண்டில் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரிற் பிறந்து, பிலடெல்பியாவில் பெருவணிகராய் விளங்கியவர். சுதந்தரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். யுத்தகாலத்தில் புதிய அரசாங்கத்தின் நிதி நிர்வாகத்தை ஏற்று, தம் சொந்த நாணயத்தையே ஈடாக வைத்துப் படைக்கு வேண்டியன உதவியவர். அறிவிலும் செல்வாக்கிலும் அவர் ஆஸ்டருக்குக் குறைந்தவரல்லர்.

அவரும் நிலத்தையே நம்பினார். ஆயின் கைப்பணத்தால் வாங்காது கடன் பத்திரங்களால் வாங்கினார். 1795-ம் ஆண்டில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஏற்படுத்திய வட அமெரிக்க நிலக் கம்பெனியின் வசம் சுமார் 60 லட்சம் ஏக்கர் இருந்தது. புதிய தலைநகராகிய வாஷிங்டனிலும் ஆயிரக்கணக்கான மனைகளுக்கு ஒப்பந்தஞ் செய்தனர். ஐரோப்பியர் வந்து வாங்குவர், வந்த பணத்தாற் கடனை அடைப்போம் என்பதே எண்ணம். ஐரோப்பாவிலோ யுத்தம் மூண்டு பணமுடை ஏற்பட்டது; வாங்குவோர் வரவில்லை; வட்டியும் வரியும் ஏறின; அவர் பத்திரங்கள் கடைத்தெருவிற் செல்லாக்காசாயின. 1798-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டு, 1801-ம் ஆண்டு ஆகஸ்டு வரை அங்கே கிடந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் தாமே அச்சிறைக்குச் சென்று பழைய நண்பரோடு உணவருந்தினார். 1806-ம் ஆண்டில் மாரிஸ் வறியராய் மாண்டார்.

நாடு வளருமென்று மாரிஸ் எண்ணியது பிழையன்று. அவர் வாங்கிய நிலங்கள் பின்னாளில் விலையேறியே தீர்ந்தன. ஆயின் விலையேறுங்காலம் வருமுன் கடன் தவணை வந்துவிட்டது. நிலத்தின் காலம் வேறு. கடனின் காலம் வேறு. பிறர் பணத்தால் வாங்கியவன் பொறுத்திருக்க மாட்டான். பொறுத்திருக்க மாட்டாதவனுக்கு நிலம் பயன்படாது. ஆஸ்டர் வியாபார உபரியைக் கொண்டு வாங்கினார். ஆகவே அவரைத் துரத்துவார் எவருமிலர்.

பாத்தியதையின் நுட்பம்

நில விஷயத்தில் இரண்டாம் அபாயம் பாத்தியதைக் குறைவு. இதற்கு ஆஸ்டரின் வாழ்க்கையிலேயே ஓர் அரிய உதாரணம் உண்டு; அதில் இலாபமடைந்தவர் அவர், நடுங்கியவர் பிறர். நியூயார்க் ராஜ்யத்தில் பட்னம் மாவட்டத்தில் ராஜர் மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் சேனைத் தலைவரும் அவர் மனைவியாரும் சுமார் 51,000 ஏக்கர் நிலம் உடையராயிருந்தனர். இவர் முற்கூறிய ராபர்ட் மாரிஸ் அல்லர், வேறொருவர். சுதந்தர யுத்தத்தில் இவர்கள் அரசர் பக்கம் நின்றமையால், ராஜ்ய அரசாங்கம் அந்நிலத்தைப் பறிமுதல் செய்து குடியானவர்களுக்கு விற்றது. அரசாங்கமே விற்றதாதலின் குடிகள் ஐயமின்றி வாங்கி, வீடு கட்டி, பயிரிட்டு, பல்லாண்டு வாழ்ந்தனர்.

ஆனால் மாரிஸ் தம்பதியரது விவாக ஏற்பாட்டின்படி, அந்நிலத்தில் அவர்களுக்கிருந்தது ஜீவிய பரியந்தப் பாத்தியதை மட்டுமே. அவர்க்குப்பின் அது பிள்ளைகளைச் சேரவேண்டுவது. பெற்றோர் குற்றத்திற்காகப் பிள்ளைகள் உரிமையை அரசாங்கம் எடுத்திலது. இந்நுட்பத்தையறிந்த ஆஸ்டர், 1809-ம் ஆண்டில் பிள்ளைகளின் பாத்தியதையை 20,000 பவுனுக்கு வாங்கிவிட்டார். சுமார் எழுநூறு குடும்பத்தினர் தம் வீடும் வயலும் தம்முடையனவல்லவென்று கேட்டுத் திடுக்கிட்டனர். வழக்கு ஐக்கிய நாடுகளின் உயர்தனி நீதிமன்றம் வரை சென்று, 1830-ம் ஆண்டில் ஆஸ்டருக்கு அனுகூலமாயிற்று. முடிவில் ராஜ்ய அரசாங்கமே சுமார் ஐந்து லட்சம் டாலர் கொடுத்துக் குடிகளைக் காத்தது.

ஆஸ்டர் செய்தது சட்டத்துக்கு ஒத்ததே. அறத்துக்கு எவ்வளவு ஒத்ததென்பதை வாசகர்களே நிர்ணயிப்பாராக. ஆயின் வாங்குவோர் இதிற் கற்கவேண்டுவது ஒன்றுண்டு. விற்பவர் யாரென்று பார்த்தல் போதாது. விற்பவர்க்கு எவ்வளவு உரிமை உண்டென்று பார்த்தல் வேண்டும்.

தீயும் நெருக்கடியும்

1834-ம் ஆண்டில் ஆஸ்டர் தோல் வியாபாரத்தை அறவே விற்றுவிட்டு, முற்றும் நிலத்திலேயே கருத்தூன்றினார். மறு ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் பெருந்தீ மூண்டு, சுமார் எழுநூறு கட்டிடங்கள் சாம்பலாயின. நஷ்டம் தாங்கமாட்டாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல திவாலாயின. கட்டிடம் எரிந்தாலும் மண் எரியாதென்பதை அந்நகரத்தார் அப்போது கண்டனர்; இன்ஷூரன்ஸ் கம்பெனியும் திவாலாகலாமென்பதையும் உடன் கண்டனர்.

1837-ம் ஆண்டில் அதனினும் பெரிய நெருக்கடி வந்தது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் மனை விலை வெறிகொண்டாற்போல் ஏறியிருந்தது. அடமானக் கடனால் வாங்கியோர் பலர். அவ்வாண்டு மே மாதம் 10-ந் தேதி நியூயார்க் பாங்கிகள் நோட்டுகளுக்கு நாணயம் கொடுப்பதை நிறுத்தின. விலைகள் இடிந்து விழுந்தன. ரொக்கங் கையிலுடைய ஆஸ்டர், தவணை தவறிய அடமானங்களை முடித்தும், மலிந்த விலைக்கு வாங்கியும் தம் நிலத்தை மேலும் பெருக்கினார். ஒருவர் கண்ணீரில் மற்றொருவர் நிலம் வளர்ந்தது. நெருக்கடி எல்லார்க்கும் ஒன்றாகவே வந்தது. கடனில்லாதான் வாங்குபவனானான்; கடனுடையான் இழப்பவனானான்.

முடிவும் மதிப்பீடும்

ஆஸ்டர் 1848-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ந் தேதி தம் எண்பத்துநான்காம் வயதிற் காலஞ்சென்றார். அவர் சொத்து சுமார் இரண்டு கோடி டாலரென மதிப்பிடப்பட்டது. பெரும்பகுதி மைந்தர் வில்லியத்தைச் சேர்ந்தது. பொது நூல்நிலையம் ஒன்றுக்கென 4 லட்சம் டாலரும், பிறந்த ஊராகிய வால்டார்ப்பின் ஏழைகளுக்கென 50,000 டாலரும் எழுதிவைத்தார். 1854-ல் திறக்கப்பெற்ற அந்நூல்நிலையம் 1895-ம் ஆண்டில் மற்ற ஸ்தாபனங்களோடு இணைந்து, இன்றும் விளங்கும் நியூயார்க் பொது நூல்நிலையமாயிற்று. இரண்டு கோடியில் இது மிகச் சிறு பங்கென்று அக்காலத்தாரே குறைகூறினர்.

அவரது மாசுகளை மறைத்தல் சரித்திரமாகாது. அவர் கம்பெனியின் ஆட்கள் பூர்வகுடிகளுக்குச் சாராயம் கொடுத்துத் தோல் வாங்கினர். 1816-ம் ஆண்டில் அவர் கப்பல் சீனத்துக்கு அபினி கொண்டுசென்றது. முன்னர்ச் சுட்டிய குத்தகை முறையின் குறையும் இங்கே கூறற்பாலது. தவணை முடிவில் நிலத்தை விட்டகல வேண்டியவன் நல்ல வீடு கட்டுவானோ? மலிவாய்க் கட்டி, அறைகளைப் பலவாய்ப் பிரித்து, ஏழைகளை அடைத்துக் குடிக்கூலி பறித்தான். நிலக்கிழார் வாடகை பெற்றாரேயன்றி வீட்டைக் கண்ணெடுத்துப் பார்த்திலர். காற்றும் வெளிச்சமுமற்ற அந்நெருக்கக் குடியிருப்புகள் அந்நகரத்துக்குத் தீராத நோயாயின; 1867-லும் 1901-லும் சட்டமியற்றித் திருத்தவேண்டி நேர்ந்தது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. ஈடன் பண்ணையின் விலையை உயர்த்தியவர் ஆஸ்டரா? அல்லர். 1850-ல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அந்நகரில் வந்து குடியேறி உழைத்தமையாலன்றோ அம்மண் பொன்னாயிற்று! ஊரார் உழைப்பால் ஏறிய விலையில் ஊரார்க்கும் ஒரு பங்குண்டென்பதை நிலமுடையார் மறத்தலாகாது.

நாம் கொள்ளத்தக்கவை

அன்பர்களே! ஆஸ்டரைப்போற் கோடீசுவரராதல் நம்மிற் பெரும்பாலோர்க்கு நோக்கமன்று. ஒரு மனை, ஒரு வீடு, பிள்ளைகட்கு ஒரு பிடிமானம் என்பதே நம் குடும்பங்களின் ஆசை. அவ்வாசைக்கும் இச்சரித்திரம் வழிகாட்டும்.

முதலாவது, குடும்பச் செலவுக்கும் தொழிலுக்கும் வேண்டியது போக எஞ்சிய பணத்தையே நிலத்திலிடுக. கடன் தவிர்க்கவொண்ணாததாயின், நிலத்தை விற்காமலே மாத வருமானத்தால் அடைக்கக்கூடிய அளவில் நிறுத்துக. விலையேறும், விற்று அடைப்போம் என்பது ராபர்ட் மாரிஸைச் சிறைக்கனுப்பிய எண்ணம்.

இரண்டாவது, பத்திரத்தை மட்டும் பாராது மூலத்தை ஆராய்க. வில்லங்கச் சான்று பதிவான விவகாரங்களையே காட்டும். பதியாத பங்கினைக் காட்டாது. மைனர் பங்கு உண்டா, ஜீவிய பரியந்த உரிமை மட்டுமா, 2005-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தாற் பிறப்புரிமை பெற்ற பெண்மக்கள் கையொப்பமிட்டனரா என்பனவற்றையெல்லாம் தக்க வக்கீலைக் கொண்டு விசாரித்த பின்னரே முன்பணங் கொடுக்க.

மூன்றாவது, ஊர் வளருந் திசையை நேரிற் சென்று காண்க. தரகர் காட்டும் படத்தை நம்பற்க. சிறிதாய், தெரிந்த இடத்தில் தொடங்குக. காத்திருக்குங்காலத்து வரிக்கும் காவலுக்கும் வழி செய்துகொள்க. முதல் முழுவதையும் ஒரே மண்ணிற் புதையாதிருக்க.

நான்காவது, குடியிருப்போர் நம் வருமானத்துக்குக் கருவிகளல்லர், நம்மைப்போன்ற குடும்பத்தினர் என்பதை நினைவிற் கொள்க. காற்றும் தண்ணீரும் உடைய வீட்டை நியாயமான வாடகைக்கு விடுவோனுக்கு நற்குடிகள் நிலைத்திருப்பர்; அதுவே சிறந்த பாதுகாப்பு.

பொறுமையுடையானுக்கே பூமி பயன்தரும். அப்பொறுமையைக் கடனற்ற கையும் பழுதற்ற பத்திரமுமே அளிக்கும். இவ்விரண்டையும் தேடிக்கொண்டு, பின்னர் நிலந்தேடப் புறப்படுவோமாக. நம் சமூகத்துக் குடும்பங்கள் யாவும் சொந்த மண்ணில் நிலைத்து, பிறரையும் வாழவைத்து வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.